தாத்தா எழுதிவைத்த போர்க்கால மர்ம நாவல்: பதிப்பிக்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானியர் காலத்தில் மலாயாவிலிருந்து ஐ.என்.ஏ.வில் (இந்தியத் தேசிய ராணுவத்தில்) சேர்ந்த தமிழர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பலர். தோட்டத்துக் கிராணிகள், கடைக் கணக்கர்கள், பள்ளி ஆசிரியர்கள் என்று பேனா பிடித்துப் பழகிய கைகள் அவை. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சில வீடுகளில் அவர்கள் எழுதிவைத்த நோட்டுகள் பழைய ட்ரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. அதில் நாவல் வடிவில் இருப்பதைக் கண்டெடுத்த பேரப்பிள்ளைகளுக்காக இந்தப் பக்கம்.

நோட்டு கையில் கிடைத்ததும் முதல் வேலை என்ன?

திறந்து படிக்கத்தான் ஆசை வரும். கொஞ்சம் பொறுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் எண்பது ஆண்டு கிடந்த காகிதம் மடிப்பில்தான் முதலில் உடையும். மேசைமேல் சுத்தமான வெள்ளைத் துணி விரித்து, நோட்டின் இரு பக்கமும் சுருட்டிய துண்டை முட்டுக்கொடுத்து, பாதி மட்டும் திறவுங்கள். 180 பாகை விரித்து அழுத்தினால் முதுகு பிளந்துவிடும்.

பூஞ்சை வாடை அடித்தால் என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். ஏசி அறையில் இரண்டு மூன்று நாள் காயவிட்டு, பிறகு மென்மையான தூரிகையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டி எடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் பூஞ்சை நாருக்குள் இறங்கிக் கறையாகத் தங்கிவிடும்.

பூச்சி இருந்தால், நன்றாகக் காய்ந்த நோட்டைப் பாலிதீன் பையில் போட்டுக் காற்றில்லாமல் மூடி, வீட்டு உறைபெட்டியில் சுமார் -18 பாகை செல்சியஸில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்க வேண்டாம். ஒரு முழு நாள் அப்படியே விட்டு, அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றின் ஈரம் பக்கங்களில் பனித்துளியாகப் படியும், மை கரையும்.

துருப்பிடித்த பின்களை மெல்லிய தகட்டால் நிமிர்த்தி எடுத்துவிடலாம். செலோ டேப்பும் லேமினேட்டும் கூடவே கூடாது. டேப்பின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். லேமினேட் செய்ததை எந்தக் காப்பகத்திலும் திரும்பப் பிரித்துத் தர முடியாது.

எழுத்து மங்கிவிட்டது. படிக்கவே முடியவில்லையே?

முக்கால்வாசி படிக்க முடியும். பென்சில் எழுத்தென்றால் அறையை இருட்டாக்கி, கைவிளக்கைக் காகிதத்தின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் அடியுங்கள். பென்சில் அழுத்திய பள்ளமும் கரியின் மினுக்கமும் தெரியவரும். அந்த நிலையிலேயே படமெடுங்கள். பழுப்பாக மங்கிய மையென்றால் வண்ணப் படமாக எடுத்து, கணினியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்து நீலத்தை மட்டும் பாருங்கள். பழுப்பு மை அங்கேதான் கறுத்து நிற்கும்.

ஸ்கேன் செய்வதானால் தட்டையான கண்ணாடி ஸ்கேனர்தான். தானாகத் தாள் இழுக்கும் வகை இதற்கு ஆகாது. மைக்கு 400 டிபிஐ, பென்சிலுக்கு 600 டிபிஐ, வண்ணத்தில், டிஃப் கோப்பாகச் சேமிக்கவும். வெற்றுப் பக்கம், அட்டை, இடையில் செருகிய பேருந்துச் சீட்டு எதையும் விடாதீர்கள். மூன்று படி வேண்டும், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும்.

தட்டச்சு செய்வதை இரண்டு பேர் தனித்தனியே செய்து, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவரே செய்தால் புரியாத சொல்லைக் கதைக்கு ஏற்ப ஊகித்துப் போட்டுவிடுவார், அது ஊகம் என்பது பின்னால் யாருக்கும் தெரியாது. இருவரும் வேறுபடும் இடத்தில் மட்டும் மூலப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும், வேலையும் மிச்சம்.

போர் நடக்கும்போதே எழுதியதா, பிறகு எழுதியதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதிப்பாசிரியர் செய்ய வேண்டியதில் மிக முக்கியமான வேலை இதுதான். போருக்குள் இருந்து எழுதியவருக்கு யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாது. அடுத்த வாரம் தானே உயிரோடு இருப்போமா என்பதும் தெரியாது. அந்த நாவலில் உள்ள பதற்றம் கட்டிவைத்த பதற்றம் இல்லை. இருபது ஆண்டு கழித்து எழுதினால் கதை நன்றாக இருக்கலாம், ஆனால் அது வேறு வகை எழுத்து. இரண்டையும் ஒன்றாக விற்பது வாசகரை ஏமாற்றுவது.

பார்க்க வேண்டிய தடயங்கள் இவை. உருளைமுனைப் பேனா அமெரிக்காவில் கடைக்கு வந்ததே 1945 அக்டோபரில்தான். நோட்டில் அந்த எழுத்து இருந்தால் போருக்குப் பிந்தியது. எழுத்து எப்படி இருக்கும் என்று சந்தேகமா? பக்கத்தின் பின்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். உருளைமுனை ஒரே சீரான புடைப்பை விடும், கோடு தொடங்கும் இடத்தில் மைக்கட்டி சொட்டியிருக்கும். நிப்புப் பேனாவில் கீழிறங்கும் கோடு தடித்தும் மேலேறும் கோடு மெலிந்தும் இருக்கும்.

பள்ளி நோட்டென்றால் பின்னட்டையைப் பாருங்கள். கட்டி, தாகில், காந்தாங் என்று பழைய அளவை வாய்ப்பாடு அச்சாகியிருக்கலாம். கிலோ, லிட்டர் மட்டுமே இருந்தால் நோட்டு 1970களுக்குப் பிந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எழுத்துரு இன்னொரு தடயம், ஆனால் ஒருதலைப்பட்சமானது. ணை, லை, னை, ணா, றா, னா ஆகியவற்றைத் துதிக்கையும் சுழியும் வைத்த பழைய வடிவில் எழுதியிருந்தால் எதுவும் நிரூபணமாகாது, அப்படிப் படித்தவர்கள் சாகும்வரை அப்படியே எழுதினார்கள். சீர்திருத்த வடிவம் சரளமாக வந்தால்தான் சேதி: தமிழ்நாட்டு அரசு அதை ஏற்றது 1978-ல், இங்கே மலேசியாவில் அதற்கும் பிறகு.

கதைக்குள்ளும் பாருங்கள். 'மலேசியா' என்று வந்தால் அது 1963-ஐ ஒட்டியோ பிறகோ எழுதியது. அடையாள அட்டை காட்டச் சொன்னார்கள் என்றால், அந்த அட்டை வந்த 1948-ன் நினைவு உள்ளே புகுந்திருக்கிறது. 1942-ல் நடக்கும் காட்சியில் 1000 வெள்ளி (டாலர்) ஜப்பான் பணநோட்டு வந்தால் அதுவும் பின்னால் எழுதியது, அந்தப் பணநோட்டு கடைசி ஆண்டான 1945-ல்தான் வெளிவந்தது. ஒரு நோட்டிலேயே இரண்டு காலமும் கலந்திருக்கலாம். முதல் நாற்பது பக்கம் பென்சிலிலும் மீதி உருளைமுனைப் பேனாவிலும் இருந்தால், மாறும் இடத்தை அச்சில் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

நாவலில் இரவு 8 மணிக்கு வெயில் அடிக்கிறது. பிழையா?

பிழையில்லை. அந்தக் காலத்தில் இருந்தவர் எழுதியதற்கான நல்ல அடையாளம் அது. மலாயாவின் கடிகாரம் 1941 செப்டம்பர் 1 முதல் கிரீன்விச்சுக்கு 7 மணி 30 நிமிடம் முன்னால் ஓடியது. ஜப்பானியர் வந்ததும் டோக்கியோ நேரம், அதாவது 9 மணி நேரம் முன்னால். ஒரே அடியில் ஒன்றரை மணி நேரம் தள்ளிவைத்தார்கள். அதனால் பினாங்கில் காலை 8 மணி தாண்டியே சூரியன் எழும், நண்பகல் 2 மணி தாண்டி வரும், இரவு 8 மணிக்குப் பிறகே இருட்டும். போர் முடிந்ததும் மறுபடி 7.30. இப்போதைய 8 மணி நேரக் கணக்கு 1982 ஜனவரி 1 முதல்தான்.

ஆகவே ஆக்கிரமிப்புக் காலக் காட்சியைச் சரிபார்க்க ஒரு எளிய வழி: இன்றைய பினாங்குச் சூரிய நேரத்தோடு ஒரு மணி கூட்டுங்கள். 1941 டிசம்பர் தொடக்கக் காட்சிகளுக்கு அரை மணி கழியுங்கள்.

மர்மக் கதைக்கு இந்த ஒன்றரை மணி பொன்னான சமாச்சாரம். ஒருவன் பழைய நேரத்திலும் இன்னொருவன் டோக்கியோ நேரத்திலும் கைக்கடிகாரம் வைத்திருந்தால் சந்திப்பு தவறும். நாவலில் இரண்டு பேர் சொல்லும் நேரம் முட்டினால் 'திருத்த'ப் போகாமல், வித்தியாசம் ஒன்றரை மணியா என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

தேதிகளை எப்படிச் சரிபார்ப்பது?

சில தூண்களை நட்டுவைத்துக்கொண்டால் மற்றவை நின்றுவிடும். கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கியது 1941 டிசம்பர் 8 அதிகாலை. ஜார்ஜ் டவுன்மேல் பெருங்குண்டுவீச்சு டிசம்பர் 11. வெள்ளைக்காரர்கள் சத்தமில்லாமல் பினாங்கைவிட்டுப் போனது டிசம்பர் 16-17 இரவை ஒட்டி. ஜப்பானியர் பினாங்கில் நுழைந்தது 19. கோலாலம்பூர் விழுந்தது 1942 ஜனவரி 11, சிங்கப்பூர் பிப்ரவரி 15. நேதாஜி சிங்கப்பூர் வந்தது 1943 ஜூலை 2, ஆசாத் ஹிந்த் அரசு அறிவிப்பு அக்டோபர் 21. பினாங்குச் சரணடைவில் கையெழுத்தானது 1945 செப்டம்பர் 2, கோலாலம்பூரில் சடங்கு நடந்தது செப்டம்பர் 13.

கூடவே ஒரு பழைய பஞ்சாங்கம். 1941 டிசம்பர் 18 அமாவாசை. எனவே பினாங்கைக் காலி செய்த அந்த இரவுகளில் விடியும் தறுவாயில் எழும் கீற்றைத் தவிர நிலாவே கிடையாது. 'நிலா வெளிச்சத்தில் துறைமுகத்தில் அவன் முகம் தெரிந்தது' என்று நாவல் சொன்னால், அது கதைக்காகச் சேர்த்தது அல்லது வேறோர் இரவின் நினைவு. அதையும் மாற்றாதீர்கள், கீழே ஒரு குறிப்பு போட்டால் போதும்.

சில கையெழுத்துகளில் ஆண்டு 2602, 2603 என்று இருக்கும். அது ஜப்பானியப் பேரரசுக் கணக்கு, 660 கழித்தால் நம் ஆண்டு வரும்.

பினாங்கில் ஜெர்மன் மாலுமிகள், நீர்மூழ்கி, ஒற்றர் பள்ளி என்றெல்லாம் வருகிறது. நம்பலாமா?

நம்பலாம். இந்த மூன்றும் நடந்தவை. 1943 ஆகஸ்டில் யு-178 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி பினாங்கு வந்து சேர்ந்தது, அதன்பின் பல வந்தன. ஜப்பானிய நீர்மூழ்கிகளுக்கும் பினாங்கே தளம். அதனால் பிரிட்டிஷ் நீர்மூழ்கிகள் மலாக்கா நீரிணையில் காத்துக் கிடந்தன: 1943 நவம்பர் 13-ல் டாரஸ் என்பது ஜப்பானின் ஐ-34-ஐ மூழ்கடித்தது, 1944 ஜனவரி 11-ல் டாலி-ஹோ என்பது கூமா என்ற போர்க்கப்பலை. இரண்டும் பினாங்கை ஒட்டிய கடலில்தான். கரையில் இருந்த ஒருவர் வெடிச்சத்தத்தைப் பற்றி எழுதியிருந்தால் இந்தத் தேதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒற்றர் பள்ளி என்பது சுயராஜ்ய நிலையம். இந்தியச் சுதந்திரச் சங்கத்தின் ராகவன் முன்னின்று நடத்தியது. அங்கே பயிற்சி பெற்ற இளைஞர்களில் ஒரு குழு 1942 செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கியில் போய் மலபார்க் கரையில் தானூரில் இறங்கியது, உடனே பிடிபட்டது. இந்தக் குழுவிலும் வேறு வழியாக வந்த குழுக்களிலும் இருந்த வக்கம் அப்துல் காதர், அனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், பவுஜா சிங் நால்வரும் 1943 செப்டம்பர் 10-ல் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். நாவலில் இவர்களைப் போன்ற பாத்திரம் வந்தால் குறிப்பில் உண்மைப் பெயர்களைச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகளை இந்தக் கரையில் நினைப்பவர்கள் மிகக் குறைவு.

நாட்குறிப்பாக எழுதாமல் ஏன் நாவலாக எழுதினார்?

ஒவ்வொருவர் காரணமும் வேறு. ஆனால் சூழ்நிலையைப் பாருங்கள். கெம்பெத்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீஸின் சோதனையில் நாட்குறிப்பு அகப்பட்டால் அதிலுள்ள ஒவ்வொரு பெயரும் ஒரு கைது. 'கதை' என்றால் மழுப்ப வழியுண்டு. போர் முடிந்ததும் பிரிட்டிஷார் ஐ.என்.ஏ.காரர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம்பிரித்து விசாரித்தார்கள், அப்போதும் கதை பாதுகாப்பானது. எனவே ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் வருவதையும், ஊர்ப்பெயருக்குப் பதில் வெறும் எழுத்து நிற்பதையும் கவனக்குறைவு என்று தள்ளிவிட வேண்டாம்.

இதற்கு ஓர் அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் அத்தியாயம், மேலே பாத்திரங்கள், கட்டத்துக்குள் 'அந்த நேரத்தில் இவருக்கு என்ன தெரியும்'. மர்ம நாவலின் எலும்புக்கூடு அதுதான். அதில் ஓட்டை எங்கே என்பதும் தெரியும், ஒரே ஆளின் இரண்டு பெயர் எது என்பதும் பெரும்பாலும் அகப்பட்டுவிடும், ஏனென்றால் அந்த இரண்டு பேரும் ஒரே காட்சியில் ஒருபோதும் சேர்ந்து வரமாட்டார்கள்.

எதைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது?

கைதவறிய எழுத்துப்பிழை, விட்டுப்போன புள்ளி, இரண்டு முறை வந்த சொல் ஆகியவற்றைச் சத்தமில்லாமல் திருத்தலாம். பத்தி பிரிக்கலாம். யூனிகோடில் தட்டினால் பழைய வடிவ எழுத்துகள் தாமாகவே இன்றைய வடிவில் வந்துவிடும், அதற்குத் தனி வேலை இல்லை.

லயம், பிரட்டு, கிராணி, கங்காணி, துரை போன்ற தோட்டத்துச் சொற்களும், ஐ.என்.ஏ. முகாமின் இந்துஸ்தானிக் கட்டளைகளும் அப்படியே இருக்கட்டும். கடைசியில் ஒரு சொற்பட்டியல் போதும்.

தொடக்கூடாதது ஒன்று உண்டு: எழுதியவரின் அறியாமை. 1943-ல் இருந்தவர் 'ஆறு மாதத்தில் டில்லி போய்விடுவோம்' என்று எழுதியிருப்பார். படிக்கும் நமக்கு இம்பால் தெரியும், 1944 மழைக்காலத்துப் பின்வாங்கல் தெரியும், சோறில்லாமல் செத்தவர்களைத் தெரியும். அந்த வரியை வெட்டிவிட்டால் அவரையே வெட்டியது போல. அதைவிட மோசம், 'போரின் முடிவு எல்லோரும் அறிந்ததே' என்று முன்னால் ஒரு அத்தியாயம் சேர்ப்பது. வரலாற்றுப் பின்னணி சொல்லத்தான் வேண்டும் என்றால் நூலின் கடைசியில் வையுங்கள். வாசகரும் இருட்டிலேயே நடக்கட்டும்.

மெதுவான பக்கங்களையும் பாதுகாக்க வேண்டும். மரவள்ளிக்கிழங்கு வேகும் நேரம், அரிசிப் பங்கீட்டு வரிசை, வாழைமரம் போட்ட 10 வெள்ளி நோட்டின் மதிப்பு மாதாமாதம் சரிவது. திகில் கதைக்கு இவை தடை என்று பதிப்பாளர் சொல்வார். இந்த வகை நாவலில் திகில் இருப்பதே அங்கேதான். பங்கீட்டு வரிசையில் பக்கத்தில் நிற்பவன் யார் என்று தெரியாமல் நிற்பதற்கு மேல் என்ன பயம் வேண்டும்?

கதை பாதியில் நிற்கிறது. முடித்து எழுதலாமா?

வேண்டாம். முதலில் கடைசிப் பக்கம் கிழிந்ததா, எழுதவே இல்லையா என்று பாருங்கள். தைத்த நோட்டில் தாள்கள் இரட்டையாக மடிந்திருக்கும். பின்பாதியில் ஒரு தாள் போயிருந்தால் முன்பாதியில் அதன் ஜோடி தளர்ந்து நிற்கும். நடுத்தையலிலிருந்து இரு பக்கமும் எண்ணினால் எத்தனை தாள் இல்லை என்பது தெரிந்துவிடும். கிழிந்தது என்றால் 'இங்கே இத்தனை பக்கம் இல்லை' என்று அடைப்புக்குறியில் போடுங்கள். எழுதவில்லை என்றால் நின்ற இடத்திலேயே நிறுத்துங்கள். எழுதியவர் எப்போது, எங்கே இருந்தார் என்று தெரிந்ததை அடுத்த பக்கத்தில் நாலு வரியில் சொல்லலாம்.

ஆள்காட்டிகளின் பெயர் உண்மைப் பெயராகவே வருகிறதே?

மாற்றிவிடுங்கள். இறந்தவருக்காகச் சிவில் அவதூறு வழக்கு நிற்காது என்பது வேறு விஷயம். அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறார்கள், ஒரு நாவலின் சாட்சியத்தை வைத்து அவர்கள் தலையில் பழி சுமத்த நமக்கு உரிமை கிடையாது. ஜப்பானியருக்கு ஆள்காட்ட முகமூடி போட்டுத் தலையசைத்தவன் யார் என்பதில் அன்றே தவறான பெயர்கள் அடிபட்டன. 1945 ஆகஸ்டில் மூன்று நட்சத்திரக்காரர்கள் (ஜப்பானியரை எதிர்த்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள்) காட்டிலிருந்து வந்து தீர்த்த கணக்கிலும் அதே குழப்பம்தான். பெயர் மாற்றியதை முன்னுரையில் சொல்லுங்கள். மாற்றாத படியைக் குடும்பத்தில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

காப்புரிமை யாருக்கு?

மலேசியாவின் 1987 காப்புரிமைச் சட்டப்படி எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பின் 50 ஆண்டும். எழுதியவர் இருக்கும்போது வெளிவராத படைப்பென்றால், முதலில் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டு எண்ண வேண்டும். ஆகையால் தாத்தா 1960-ல் இறந்திருந்தாலும் உரிமை முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். உரிமை வாரிசுகள் எல்லோருக்கும் போகிறது, நோட்டை வைத்திருப்பவருக்கு மட்டும் இல்லை. சித்தப்பா, அத்தை பிள்ளைகள் வரை கையெழுத்து வாங்கிவிடுங்கள். அச்சான பிறகு கேட்டால் குடும்பச் சண்டையில்தான் முடியும்.

உண்மைகளை எங்கே தேடுவது?

சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில் ஆக்கிரமிப்புக் கால ஆங்கில நாளிதழான சியோனான் ஷிம்பன் கிடைக்கிறது. சிங்கப்பூர் தேசியக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றில் ஆக்கிரமிப்புக் காலம் பற்றிய தமிழ் நேர்காணல்களும் உண்டு. கோலாலம்பூரில் தேசியக் காப்பகம். ஐ.என்.ஏ. கோப்புகளுக்கு இந்தியத் தேசியக் காப்பகத்தின் அபிலேக் படல் தளம், பெயரை ஆங்கிலத்தில் மூன்று நான்கு எழுத்துக்கூட்டலில் தேட வேண்டியிருக்கும்.

அச்சிடும்போது என்ன தேவை?

ஐஎஸ்பிஎன் எண்ணை ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகம் தருகிறது. அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிடுபவர் பெயர், முகவரி நூலில் இருக்க வேண்டும், அது 1984 அச்சகச் சட்டத்தின் விதி. வெளிவந்து ஒரு மாதத்துக்குள் ஐந்து படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். உள்ளே மூலத்தின் இரண்டு மூன்று பக்கங்களைப் படமாகச் சேருங்கள், அவற்றில் ஒன்று அடித்துத் திருத்திய பக்கமாக இருக்கட்டும். அவர் முதலில் எழுதி அடித்த சொல்லையும் வாசகர் படிக்கலாம்.